33 மீட்டர் ஆழத்தில் ஒரு வானம்

மாஸ்கோவின் த்வெர்ஸ்கயா வீதி, நகரை வளையமாகச் சுற்றிவரும் தோட்ட வட்டச் சாலையைச் சந்திக்கும் இடத்தில், தரைக்கு 33 மீட்டர் கீழே இருக்கிறது மாயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையம். 1938 செப்டம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. கவிஞர் விளாதிமிர் மாயகோவ்ஸ்கி 1930இல் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மேலே உள்ள சதுக்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சதுக்கத்திடமிருந்து நிலையம் அதை வாங்கிக்கொண்டது. 1992இல் சதுக்கம் த்ரியும்ஃபல்னயா என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. நிலையம் மட்டும் கவிஞரின் பெயரை விடவில்லை.

மாஸ்கோ மெட்ரோவின் முதல் கட்டம் 1935 மே 15 அன்று 13 நிலையங்களோடு ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் பச்சை வழித்தடத்தின் முதல் பகுதி வந்தது. வடமேற்கே சோகோலில் தொடங்கி போல்ஷோய் நாடக அரங்குக்குப் பக்கத்தில் முடிந்த அந்தப் பகுதியின் ஆறு நிலையங்களில் ஒன்றுதான் மாயகோவ்ஸ்கயா. நகர மையத்தின் மேல்மண் நீர் ஊறிய குழைமணல். அதில் பள்ளம் வெட்டிக் கட்டினால் வீதியும் கட்டடங்களும் சரியும். எனவே பொறியாளர்கள் அந்த மண்ணுக்குக் கீழே, உறுதியான அடுக்குவரை இறங்கினார்கள். கட்டியது மெட்ரோஸ்த்ரோய் என்ற அரசு அமைப்பு. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்டும் ஒப்பந்தத்தில் பங்கேற்ற மாஸ்மெட்ரோஸ்த்ரோய் அதன் வழிவந்த நிறுவனமே.

ஆழத்தில் நிலையம் கட்டுவதென்றால் மூன்று குகைகளைப் பக்கம் பக்கமாகக் குடைய வேண்டும். ஓரத்தில் உள்ள இரண்டிலும் தண்டவாளமும் நடைமேடையும் அமையும். நடுவில் உள்ளது கூடம். ஒவ்வொரு குகையும் தன் வளையத்தின் வலிமையில் நின்று மேலே உள்ள மண்ணைத் தாங்குகிறது. பக்கத்துக் குகைக்குப் போக வழி விட வேண்டுமானால் அந்த வளையத்தை வெட்ட வேண்டும். அதிகமாக வெட்டினால் கூரை இறங்கிவிடும். ஆகவே 1935இல் திறந்த ஆழ்நிலையங்களில் குகைகளுக்கு நடுவே வீட்டுச் சுவரைவிடப் பருமனான தூண்களை விட்டு, இடையிடையே வாசல்கள் மட்டும் திறந்தார்கள். ரயிலுக்காகக் காத்திருப்பவருக்கு நடுக்கூடம் அந்த வாசல்களின் வழியே துண்டு துண்டாகத்தான் தெரியும்.

மாயகோவ்ஸ்கயாவில் அந்தப் பருமனான தூண்கள் இல்லை. உருக்குத் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் தலைமேல் நீளவாக்கில் உருக்கு உத்திரங்களை ஓட்டி, மூன்று குகைகளின் வளைவுகளையும் அந்த உத்திரங்களின்மேல் உட்காரவைத்தார்கள். நடு வளைவு வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஓர வளைவுகள் எதிர்ப்பக்கமாகத் தள்ளுகின்றன. இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று பெருமளவு சரிக்கட்டிவிடுவதால், தூணுக்குப் பக்கவாட்டுச் சுமை குறைந்து, நேர் கீழாக இறங்கும் எடையே முக்கியமாக மிஞ்சுகிறது. அதனால்தான் அவ்வளவு ஒல்லியான தூண்கள் போதுமானதாக இருக்கின்றன. கணக்கில் எளிது, வேலையில் கடினம். மூன்று வளைவுகளும் பூட்டிக்கொள்ளும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இவ்வளவு ஆழத்தில் மூன்று வளைவுகளையும் தூண்களின்மேல் நிறுத்திய முதல் நிலையம் உலகிலேயே இதுதான். இதன் பிறகு நடந்த எல்லாமே, ஓவியங்கள் வந்ததும் போர்க்காலக் கூட்டம் நடந்ததும், இந்தத் திறந்த கூடம் கொடுத்த வாய்ப்பு.

கட்டடக் கலைஞர் அலெக்ஸி துஷ்கின். திறப்பு விழாவின்போது அவருக்கு 33 வயது. முதல் கட்டத்தில் க்ரபோட்கின்ஸ்கயா நிலையத்தில் ஒளியை மட்டுமே அலங்காரமாக வைத்துப் பெயர் வாங்கியவர். உருக்குச் சட்டத்தைத் தடித்த பளிங்குக்குள் ஒளித்து, அரண்மனைத் தூண் போலக் காட்டியிருக்கலாம். அந்தக் காலத்து ரசனை அதைத்தான் கேட்டது. துஷ்கின் அதற்கு நேர்மாறாகச் செய்தார். சுமை எங்கே இறங்குகிறதோ அங்கே எவர்சில்வர் பட்டைகளை ஓட்டினார். வரிவரியாக மடித்த அந்தப் பட்டைகள் தூணின்மேல் ஏறி, வளைவைச் சுற்றி, அடுத்த தூணில் இறங்குகின்றன. பார்ப்பவர் கண்ணே கட்டடத்தின் விசைப்பாதையைத் தொடர்ந்து போகும்படி அமைந்த இந்த முடிவுதான் நிலையத்தின் மிகச் சிறந்த அம்சம். நீளமான தகடுகளை அப்படி மடிக்கும் இயந்திரம் மாஸ்கோவுக்கு வெளியே தல்கப்ரூத்னியில் ஆகாயக் கப்பல் கட்டும் தொழிற்சாலையில் இருந்தது. பட்டைகள் அங்கிருந்துதான் வந்தன.

தூண்களின் கீழ்ப்பகுதியில் யூரல் மலையின் ரோடோனைட் கல்லைப் பதித்திருக்கிறார்கள். இளஞ்சிவப்பு நிறம், ஊடே கறுப்பு நரம்புகள். எவர்சில்வரின் குளிர்ந்த மினுமினுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு தனியாக எடுப்பாகத் தெரிகிறது. சுவர்களில் யூரல் பகுதியின் உஃபலேய் பளிங்கு. தரையில் பல நிறக் கற்களால் ஆன கோலம்.

நடுக்கூடத்தின் கூரை தொடர்ச்சியான உருளை வளைவாக இல்லை. குறுக்கே ஓடும் ஒவ்வொரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நீள்வட்டக் குவிமாடம் மேலே குழிந்து செல்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி விளக்குகள். உச்சியில் ஒரு மொசைக் ஓவியம். மொத்தம் 35 குவிமாடங்கள், 35 ஓவியங்கள்.

ஓவியங்களை வரைந்தவர் அலெக்சாந்தர் தெய்னேகா. தொடருக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சோவியத் நாட்டு வானத்தின் ஒரு நாள். கூடத்தின் ஒரு முனையில் காலை. நடந்தால் நண்பகல், மாலை, நடுவில் இரவு, மறுமுனைக்குப் போகும்போது மீண்டும் காலை. ஒவ்வொன்றும் தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் வரையப்பட்டது. பாரசூட்டில் இறங்குபவர் நேர் மேலே தெரிகிறார். பனிச்சறுக்கில் தாவுபவர் தலைக்குமேல் பறக்கிறார். பூத்த கிளையின் ஊடே நீலம் தெரிகிறது. விமானங்கள் அணிவகுத்துப் போகின்றன. இரவுப் பகுதியில் கிரெம்ளினின் ஸ்பாஸ்கயா கோபுரம் எழுந்து நிற்கிறது. நிலத்துக்கு அடியில் நிற்பவருக்குத் தலைமேல் இருக்கும் மண்ணின் பாரம் மறக்க வேண்டும் என்பது ஓவியரின் நோக்கம். குவிமாடம் ஒவ்வொன்றும் கூரையில் திறந்த துளையாகி, வானம் அதன் வழியே தெரிகிறது.

தெய்னேகாவின் வரைபடங்களை மொசைக்காக மாற்றியவர் விளாதிமிர் ஃப்ரோலோவ். லெனின்கிராதில் ரத்தத் திருக்கோயில் என்று பெயர்பெற்ற தேவாலயத்தின் மொசைக்குகளைச் செய்த பட்டறை அவர் குடும்பத்தினுடையது. வண்ணக் கண்ணாடிக் கட்டியைச் சில்லுகளாக உடைத்து, வரைபடத்தின்மேல் முகம் கீழாக ஒட்டி, முதுகுப்பக்கம் சிமென்ட் கலவை ஊற்றி இறுகவிடுவது அவர்களுடைய முறை. பலகையாகிவிட்ட ஓவியத்தை அப்படியே கொண்டுபோய்க் கூரையில் பொருத்திவிடலாம். சில ஆண்டுகளுக்குப் பிறகு, முற்றுகையிடப்பட்ட லெனின்கிராதில், பசிக்கும் குளிருக்கும் நடுவே தெய்னேகாவின் இன்னொரு தொடரை ஃப்ரோலோவ் செய்து முடித்தார். 1942இல் முற்றுகைக்குள்ளேயே இறந்தார். அந்தப் பலகைகள் இன்று நவகுஸ்னேத்ஸ்கயா நிலையத்தின் கூரையில் இருக்கின்றன.

மாயகோவ்ஸ்கயாவின் ஓவியங்களுக்கு ஒரு குறை உண்டு. குவிமாடங்கள் ஆழமாக இருப்பதால், நேர் கீழே நின்று கழுத்தை வளைத்தால்தான் படம் முழுதாகத் தெரியும். நடைமேடையில் நிற்பவருக்கு விளக்கின் ஒளி மட்டுமே தெரிகிறது. ஒரு நாளின் போக்காக அடுக்கிய தொடர், ரயிலைப் பிடிக்க விரையும் பயணி கண்ணில் ஒன்றிரண்டு படமாகவே படுகிறது. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக நடப்பவருக்கே தெய்னேகாவின் திட்டம் பிடிபடும்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் சோவியத் அரங்குக்குள் இந்த நிலையத்தின் ஒரு பகுதியை உண்மை அளவிலேயே கட்டிக் காட்டினார்கள். கண்ணாடிகளை எதிரெதிரே வைத்ததால் தூண் வரிசை முடிவில்லாமல் நீண்டது. நிலையத்துக்குப் பெரும் பரிசு கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில் போர் வந்தது. 1941 ஜூலையில் மாஸ்கோமீது குண்டுவீச்சு தொடங்கியதும் ஆழ்நிலையங்கள் மக்களின் புகலிடங்களாயின. ரயில்கள் நின்ற பிறகு தண்டவாளங்களின்மேல் பலகை பரப்பிப் படுத்தார்கள். மெட்ரோவுக்குள் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அக்டோபரில் ஜெர்மன் படைகள் நெருங்கியபோது மெட்ரோவையே தகர்த்துவிட ஆணை பிறந்து, 16ஆம் தேதி காலையில் ரயில்கள் ஓடவில்லை. ஆணை திரும்பப் பெறப்பட்டு, அன்று மாலையே மீண்டும் ஓடின.

புரட்சியின் ஆண்டு நிறைவையொட்டி நவம்பர் 6 அன்று நடக்கும் அரசுக் கூட்டத்துக்கு வழக்கமான இடம் போல்ஷோய் அரங்கு. அக்டோபர் 28 அன்று அதன்மீது குண்டு விழுந்திருந்தது. தலைவர்களையும் பிரதிநிதிகளையும் பாதுகாப்பாக ஒரே கூரையின்கீழ் உட்காரவைக்க மாயகோவ்ஸ்கயா பொருத்தமாக இருந்தது. தடித்த தூண்கள் மறைக்கும் வேறோர் ஆழ்நிலையத்தில் பாதிப் பேருக்கு மேடையே தெரிந்திருக்காது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கூடத்தின் ஒரு முனையில் மேடை அமைத்தார்கள். ஒரு பக்கத் தண்டவாளத்தில் கதவுகள் திறந்தபடி நின்ற ரயில், மேலங்கிகளை வைக்கும் இடமாகவும் சிற்றுண்டிச் சாலையாகவும் பயன்பட்டது. மறுபக்கத் தண்டவாளத்தில் பெலருஸ்கயா நிலையத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினார் ஸ்டாலின். அவருடைய உரை வானொலியில் ஒலிபரப்பானது. மறுநாள் செஞ்சதுக்கத்தில் அணிவகுத்த படைகளில் பல நேராகப் போர்முனைக்குச் சென்றன.

நிலையத்தின் அமைப்பு எளிமையானது. இருபுறமும் இரண்டு தண்டவாளங்கள், நடுவே கூடம். வேறு வழித்தடத்துக்கு மாறும் வசதி இங்கே இல்லை. தென்முனையிலிருந்து எஸ்கலேட்டர் ஏறினால் சைக்கோவ்ஸ்கி இசை அரங்கின் கட்டடத்துக்குள்ளேயே வெளிவரலாம். நாடக இயக்குநர் மெயர்ஹோல்டின் அரங்குக்காகத் தொடங்கப்பட்ட கட்டடம் அது. 1938இல் அவருடைய நாடகக் குழு மூடப்பட்ட பிறகு இசை அரங்காக முடிக்கப்பட்டு 1940இல் திறந்தது. எஸ்கலேட்டருக்கு முன்னால் பின்னாளில் காற்றுப்புகாப் பாதுகாப்புக் கதவைப் பொருத்தியபோது ஒரு குவிமாடம் அதற்குப் பலியானது. 35 ஓவியங்களில் இன்று கூடத்தில் பார்க்கக் கிடைப்பவை 34.

நீண்ட காலம் ஒரே வாசலோடு இயங்கிய நிலையத்துக்கு 2005 செப்டம்பரில் வடமுனையில் இரண்டாவது வாசல் திறந்தது. எஸ்கலேட்டர் இரண்டு கட்டமாக ஏறுகிறது. மேல்மண்டபத்தின் கூரையில் ஓவியர் இவான் லுபென்னிகோவ் புதிய மொசைக் வானம் ஒன்றைப் பதித்து, அதில் மாயகோவ்ஸ்கியின் கவிதை வரிகளையும் எழுதியிருக்கிறார்.