வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிச் சாலையில் போனால் திருப்பாச்சூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. சென்னைக்குள் மனை விலை கட்டுப்படியாகாதவர்கள் பார்வையைத் திருப்புவது இந்தத் திசையில்தான். மனை காட்ட வரும் புரோக்கர் தவறாமல் சொல்வது: "இ.சி. போட்டுப் பார்த்தாச்சு சார், ஒரு வில்லங்கமும் இல்லை."

இ.சி. எனும் வில்லங்கச் சான்று பதிவேட்டில் ஏறியதை மட்டும்தான் சொல்லும். உயிலைப் பதிவு செய்யக் கட்டாயமில்லை. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் அதில் வராது. பதிவு முடிந்தாலே நிலம் நமதாகிவிட்டது என்று நம்புகிறோம். ஆனால், விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, அந்தக் கேள்வி வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. சொத்து வழக்கறிஞரின் வேலை அங்கே தொடங்குகிறது.

தாய்ப்பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே அவர் கேட்பார்: "கூடப் பிறந்த பொண்ணுங்க எத்தனை பேர்?" பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கையெழுத்துப் போடாத ஒரு தங்கை போதும், கிரயம் நீதிமன்றப் படியேற.

இந்த வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: இது பஞ்சமி நிலமா? 1997 வரை திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி 1891-ல் ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கை எழுதியது இந்தச் செங்கல்பட்டைப் பார்த்துத்தான். அதையொட்டி 1892-ல் வந்த அரசாணையில் பிறந்தது, அந்த மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகள் கைமாற்றக் கூடாது; அதன் பிறகும் அந்த மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம். இந்த நிபந்தனை வில்லங்கச் சான்றில் தெரியாது. நாலைந்து கிரயம் ஏறி, பட்டாவில் பெயர் மாறியிருந்தாலும் நிபந்தனை செத்துப்போவதில்லை. அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல் இன்றைய பட்டாவோடு நிற்காமல் கிராம நில ஆவணமான அ-பதிவேட்டையும், 1980-களின் யூ.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவுகளையும் தேடிப் போகிறார். கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதற்கும் இதே தேடல்தான்.

மனைப்பிரிவு அங்கீகாரம் தனிக்கதை. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் பலருக்கு அந்தச் சொல்லின் எடை புரிந்தது. அத்தகைய மனைகளை ஒழுங்குபடுத்தும் வரன்முறைத் திட்டம் அடுத்த ஆண்டு வந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் பதிவு எண் இருந்தால் ஒரு நல்ல பிடிமானம் உண்டு: நில உரிமையில் குறை இருந்து நமக்கு நட்டம் வந்தால், மனை போட்டவர் இழப்பீடு தரவேண்டும், அதைக் கேட்கக் காலவரம்பும் கிடையாது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத சின்னப் பிரிவுகளுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. விவசாயியிடம் நேரடியாக வாங்குகிறவருக்கும் இந்தப் பிடி கிடையாது.

"பேங்க்ல லோன் கொடுத்துட்டாங்களே, அவங்க வக்கீல் பார்த்திருப்பாரே" என்பது பரவலான சமாதானம். அந்த வக்கீல் கருத்துரை எழுதியது வங்கிக்காக. தன் கடன் திரும்புமா என்பது வங்கியின் கவலை. நிலம் கையை விட்டுப் போனாலும் தவணையை வங்கி நம்மிடம்தான் கேட்கும்.