நம்பர் பிளேட்டில் ஒரு திமிங்கல வால்

580, 680 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரம். காலை நெரிசலில் அங்கே மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெள்ளைத் தகட்டில் சிவப்பெழுத்தில் 'கலிபோர்னியா' என்று போட்ட சாதாரண பிளேட்டுகளுக்கு நடுவே திமிங்கலத்தின் வால், யோசெமிட்டியின் பாறை முகடு, தாஹோ ஏரி, பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் என்று படங்கள் தென்படும். மாநிலச் சுற்றுலாவுக்குச் செய்யும் விளம்பரம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது பாதிதான் சரி.

நம்பர் பிளேட்டை விளம்பரப் பலகையாக்கும் யோசனை அமெரிக்காவில் நூறாண்டை நெருங்குகிறது. ஐடஹோ மாநிலம் 1928-லேயே ஒரு பெரிய உருளைக்கிழங்கை வரைந்து அதற்குள் வண்டி எண்ணை எழுதியது. இன்றும் அந்த மாநிலப் பிளேட்டின் மேலே இயற்கை அழகுப் பெருமை, கீழே உருளைக்கிழங்குப் பெருமை. வயோமிங் 1936-ல் துள்ளும் குதிரையையும் அதன் மேல் ஒரு சவாரிக்காரனையும் போட்டது. அதை இதுவரை கைவிடவில்லை. எல்லா முயற்சியும் இப்படி நிலைத்துவிடவில்லை. கென்டக்கி 2003-ல் சிரிக்கும் சூரியனைப் போட, உள்ளூர்க்காரர்களே கேலி செய்தார்கள். சில ஆண்டுகளில் சூரியன் மறைந்துவிட்டது.

கேலியோடு முடியாமல் வழக்கு வரை போனது நியூ ஹாம்ப்ஷயர். இயற்கை அழகைச் சொல்லும் வாசகத்தை எடுத்துவிட்டு, 'சுதந்திரமாக வாழ் அல்லது செத்துப்போ' என்ற மாநில முழக்கத்தை 1970-களின் தொடக்கத்தில் எல்லா கார்களிலும் போட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மேனார்ட் தன் மதநம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று முழக்கத்தை மறைத்தார். அபராதம் விதித்தார்கள், அவர் கட்டவில்லை, 15 நாள் சிறையில் இருந்தார். ஒருவருடைய சொந்த வண்டியை அரசின் கொள்கை சுமக்கும் பலகையாக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது.

கலிபோர்னியா வேறு வழியில் போகிறது. சாதாரண பிளேட் எல்லோருக்கும் உண்டு. படம் வேண்டுமென்றால் தனிக் காசு. திமிங்கல வால் பிளேட்டுக்கு முதலில் 50 டாலர், பிறகு ஆண்டுக்கு 40 டாலர். விருப்பமான எழுத்துகள் வேண்டுமானால் இன்னும் கூடும். அந்தப் பணத்தின் ஒரு பங்கு கடற்கரையைச் சுத்தம் செய்யவும் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தரவும் போகிறது. யோசெமிட்டி பிளேட்டின் பணம் அந்தப் பூங்காவின் பராமரிப்புக்கு, தாஹோ பிளேட்டின் பணம் ஏரிப் பகுதிக்கு, பனைமரப் பிளேட்டின் பணம் கலைகளுக்கு. அந்தப் பனைமரங்களை வரைந்தவர் வேய்ன் தீபோ என்ற பெயர்பெற்ற ஓவியர்.

திமிங்கல வால் 1997-ல் வந்தபோது வரைந்தவர் வைலண்ட் என்ற ஓவியர். பின்னாளில் வருமானத்தில் தன் அறக்கட்டளைக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். மாநிலக் கடலோர ஆணையம் மறுத்து, வேறு ஓவியர்களைக் கொண்டு புது வால் வரையவைத்தது. 2011 முதல் ஓடுவது அந்த வால். ஆணையம் செய்தது சரிதான். வாங்குகிறவர் காசு கொடுப்பது கடலுக்காக.

நினைத்தவுடன் புதுப் படம் போட்டுவிடவும் முடியாது. ஒரு மாநில அரசு அமைப்பு முன்மொழிய வேண்டும்; 7,500 பேர் முன்பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகுதான் மாநில வாகனத் துறையான டி.எம்.வி. அச்சுக்கு அனுப்பும். 1950, 60, 70-களின் பழைய பாணியில் மூன்று நிறப் பிளேட்டுகளை அறிவித்தபோது கறுப்பில் மஞ்சள் எழுத்து மட்டுமே இந்த வாசலைத் தாண்டியது. மலையும் இல்லை, கடலும் இல்லை. ஆனாலும் இன்று எங்கு திரும்பினாலும் கண்ணில் படுவது அதுதான். படம் இருந்தால்தான் விற்கும் என்று நம்புகிற அதிகாரிகள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு வேடிக்கை: கடலையும் மலையையும் காட்டும் இந்தத் தகடுகளைச் செய்கிறவர்கள் ஃபோல்சம் சிறைக் கைதிகள்.

இந்தப் படங்களால் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்களா? எனக்கு நம்பிக்கையில்லை. பிளசன்டனில் ஓடும் கலிபோர்னியா காரைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கலிபோர்னியாவில் இருக்கிறவர்கள். தகட்டைச் சுற்றிச் சட்டம் மாட்டித் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் கார் விற்பனையாளருக்கு அந்த விளம்பரத்தால் பலன் அதிகம். தகட்டின் முதல் வேலை, ஓடும் வண்டியின் எண் தூரத்திலிருந்தே தெரிவது. படம் பெரிதானால் எண் சிறுக்கும்.

நம் ஊரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம்: அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹாலோகிராம், நீலத்தில் 'ஐ.என்.டி.' எழுத்து. மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலையோ மீனாட்சியம்மன் கோபுரத்தையோ வரைந்தால் போக்குவரத்துக் காவலர் அபராதச் சீட்டைத்தான் நீட்டுவார். எண் தெளிவாகத் தெரிய அதுவே நல்லது. ஆனால் விரும்பியவர் கூடுதல் காசு கட்ட, அது ஒரு பூங்காவுக்கோ கடற்கரைக்கோ நேராகப் போய்ச் சேரும் ஏற்பாட்டை நாமும் யோசிக்கலாம். அதற்குத் தகட்டில் படமே வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் படப் பிளேட் வாங்குவதானால் அழகை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பிளேட்டின் பணம் எங்கே போகிறது என்பதை டி.எம்.வி. தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.