கடைசித் தவணை கட்டியாச்சு, காகிதம் எங்கே?

மும்பையின் கோவண்டித் தமிழருக்குக் காகிதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1976 மே மாதத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்த சுமார் 70,000 பேர் ட்ராம்பேயில் இன்றைக்குச் சீட்டா கேம்ப் இருக்கும் நிலத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். இடிப்பை எதிர்த்துப் போராடியவர்களுக்கு முன்னால் நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காக 1960களில் பம்பாய் வந்த தமிழர். அதே 1976இல்தான் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து ‘போட்டோ பாஸ்’ கொடுத்தது. பாஸ் கையில் இருந்தால் குடியிருப்பவர், இல்லையென்றால் ஆக்கிரமித்தவர். பிறகு 1995, 2000 என்று தகுதித் தேதிகள் மாறிமாறி வந்தபோதும் அதே கதைதான். தேதிக்கு முன்பே இங்கு இருந்தோம் என்று காட்டிய ஒரு பழைய லைட் பில் வீட்டைக் காப்பாற்றியது. பில்லைத் தொலைத்தவர் வீட்டையும் தொலைத்தார்.

அதனால்தான் சிவாஜி நகரிலும் பைங்கன்வாடியிலும் சீட்டா கேம்பிலும் காகிதங்களை உயிர்போல் வைத்திருக்கிறார்கள். போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, லைட் பில், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் முதலில் பரண்மேல் போவது அந்தப் பைதான்.

அந்தப் பையில் பெரும்பாலும் இல்லாத காகிதம் ஒன்று உண்டு: வாங்கிய கடன் தீர்ந்துவிட்டது என்று கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுத்த காகிதம்.

‘அடுத்தது எவ்வளவு போடட்டும்?’

குழுக் கடன் எடுத்த பெண்களுக்கு அந்தக் கடைசி நாள் எப்படிப் போகும் என்று தெரியும். வாரமோ மாதமோ கூடும் கூட்டத்தில் ஹப்தா (தவணை) வசூலாகிறது. வழக்கம்போல் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாகிவிட்டது. வசூலுக்கு வந்தவர் கைப்பேசியில் எதையோ தட்டிவிட்டு, “அக்கா, உங்க லோன் முடிஞ்சிருச்சு. அடுத்தது எவ்வளவு போடட்டும்?” என்கிறார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், ஊரில் ஒரு கல்யாணம் என்று செலவுகள் காத்திருக்கின்றன. முடிந்த கடனைப் பற்றிய பேச்சு அந்தக் கேள்வியோடு நின்றுபோகிறது. பழைய கடன் அட்டை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

முடிந்தது என்பதற்கு இரண்டு பொருள் இருப்பதால்தான் இங்கே அதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. பணம் கட்டி முடித்தது ஒன்று. அது பதிவாகி முடிந்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் ஏழைகளின் கணக்கு சிக்கிக்கொள்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, குறையும் அசலின் மீது. கடன் 40,000 ரூபாய், 24 மாதத் தவணை. மாதம் சுமார் 2,115 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதம் கட்டுவதில் 800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். 12 மாதம் கட்டியபின் ‘பாதி முடித்துவிட்டேன்’ என்று நிமிர்ந்தால், அசலில் இன்னும் 22,365 ரூபாய் நிற்கும். கடைசித் தவணையில் வட்டி வெறும் 41 ரூபாய்தான். மீதி முழுவதும் அசல். 24 மாதத்தில் கையைவிட்டுப் போனது ஏறக்குறைய 50,760 ரூபாய். நடுவில் ஒரு தவணை மட்டும் ஏட்டில் ஏறாமல் போனால், கட்டியவர் தீர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது ஏடு 2,000 ரூபாய்க்கு மேல் பாக்கி என்று சொல்லும். தாமதத்துக்கான அபராதம் அதன்மேல் ஏறும். ஒரு வருடம் கழித்து வேறொரு வங்கியில் கடன் கேட்டுப் போகும்போதுதான் விஷயமே தெரியவரும்.

புரோநோட்டைக் கிழித்த காலம்

நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மும்பைக்கு வந்த குடும்பங்களின் பெரியவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஊரில் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கினால், கொடுக்கும் ஒவ்வொரு தொகையையும் நோட்டின் முதுகில் வரவு வைக்கச் சொல்வார்கள். கடைசிப் பணத்தைக் கொடுக்கும் நாளில் நோட்டைக் கையில் வாங்காமல் திண்ணையை விட்டு இறங்கமாட்டார்கள். வாங்கி, நாலு பேர் பார்க்கக் கிழித்துப் போட்ட பிறகுதான் ‘கணக்கு பைசல்’. இந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. புரோநோட்டுக்குப் பணம் செலுத்துபவர் அந்த நோட்டைத் திரும்பப் பெறும் உரிமை உள்ளவர் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 81ஆம் பிரிவில் சொல்கிறது.

புரோநோட்டு போய்க் கைப்பேசித் திரை வந்தது. கிழிக்கக் கையில் எதுவும் இல்லாமல் போனது.

ஆனால் விதி இல்லாமல் போகவில்லை. குறுங்கடன்களுக்கென்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14இல் வெளியிட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகளைக் கோவண்டியின் ஒவ்வொரு குழுவிலும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்போகாத குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் எல்லாம் அதில் அடங்கும். குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது.

நம் விஷயத்துக்கு உயிரான வரி ஒன்றும் அதில் இருக்கிறது. கடன் வாங்கியவருக்கு ஒரு கடன் அட்டை தர வேண்டும். அதில் ஒவ்வொரு தவணை பெற்றதற்கும், கடன் முழுவதும் தீர்ந்ததற்கும் நிறுவனம் ஒப்புகை எழுத வேண்டும். அந்த அட்டை கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆக, மராத்தியும் இந்தியும் வாசிக்க வராத ஒரு சீட்டா கேம்ப் பாட்டி, “எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்க தம்பி” என்று கேட்கலாம். அப்படிக் கேட்பது அவருடைய உரிமை.

பத்திரமும் நகையும் பதிவேடும்

வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியவர்களுக்கு 2023 செப்டம்பர் 13இல் வந்த ரிசர்வ் வங்கி ஆணை பெரிய துணை. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. நகைக் கடனுக்கும் 2025 ஜூனில் இதேபோன்ற விதி வந்தது: பணம் முழுவதும் கட்டிய அன்றே, மிஞ்சிப்போனால் 7 வேலை நாளுக்குள், நகை கைக்கு வர வேண்டும், தாமதத்துக்கு இங்கும் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான். 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாறிவிட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது.

அடமானமே இல்லாத குழுக் கடனில் திருப்பி வாங்கப் பொருள் ஒன்றுமில்லை. அங்கே அடமானமாக இருப்பது கடன் வாங்கியவரின் பெயர். அது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற 4 நிறுவனங்களின் பதிவேடுகளில் இருக்கிறது. கடன் தீர்ந்ததும் அங்கே ‘குளோஸ்டு’ என்று ஏற வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் 26 முதல் விதி உள்ளது. கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பைசலில் இரண்டு வகை

தவணை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் நல்ல செய்திபோல ஒரு போன் வரும்: “மொத்தமா இவ்வளவு கட்டிருங்க, மிச்சத்தை விட்டுர்றோம்.” மேலே போட்ட கணக்கில் 22,365 ரூபாய் நிற்கும்போது 12,000 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10,365 ரூபாய் லாபம் என்று தோன்றும். மருத்துவமனைச் செலவில் மூழ்கிய வீட்டுக்கு அது மெய்யாகவே மூச்சுவிட வைக்கும் ஏற்பாடுதான். ஆனால் பதிவேட்டில் ஏறுவது ‘குளோஸ்டு’ அல்ல, ‘செட்டில்டு’. முழுவதும் கட்டவில்லை, பேசி முடித்தார்கள் என்பது அதன் பொருள். இப்படி முடித்துக்கொண்டவருக்குப் புதுக் கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் 8 ஆணை கடன் கொடுத்தவருக்குச் சொல்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தெரிந்து ஒத்துக்கொண்டால் இதில் குற்றம் ஒன்றுமில்லை. தெரியாமல் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் அநியாயம். ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, கட்டியபின் பாக்கி இல்லை என்ற உறுதி, இந்த மூன்றும் நிறுவனத்தின் கடிதத்தில் வந்த பிறகுதான் பணம் கைமாற வேண்டும். போனில் சொன்ன வார்த்தை போனோடு போய்விடும்.

திறக்காத கதவு

பேசி முடிக்கவும் வழியில்லாதவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்’ என்றால் எல்லோருக்கும் புரியும். அந்தத் திவால் நோட்டீசுக்குப் பின்னால் இருப்பவை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்: மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றுக்குப் பதிலாக வரவேண்டிய திவால் சட்டம் 2016இல் நிறைவேறியது. அதில் ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைகளுக்கு ‘புதிய தொடக்கம்’ என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சற்று வசதியுள்ளவர்களுக்கு நடுவர் ஒருவர் மேற்பார்வையில் தவணைத் திட்டம். திட்டம் நிறைவேறியதும் 14 நாளுக்குள் நடுவர் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிறகு தீர்ப்பாயம் விடுதலை ஆணை கொடுக்கும்.

கடனுக்கு எப்படி ஒரு முடிவு வேண்டும் என்பதைச் சட்டம் அழகாக எழுதிவைத்திருக்கிறது. 2019 டிசம்பர் 1இல் நிறுவனங்களின் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும், ‘புதிய தொடக்கம்’ நீங்கலாக, இந்தப் பகுதி அமலுக்கு வந்தது. கோவண்டியின் ஜரி வேலைக்காரருக்கும் காய்கறி விற்பவருக்கும் அது இன்னும் அமலாக்கப்படவில்லை. நாளைக்கே அமலானாலும், மேலே பார்த்த 40,000 ரூபாய்க் கடன் ஒன்றே 35,000 என்ற வரம்பைத் தாண்டிவிடும்.

சிங்கப்பூரில் கதை வேறு. 2009 மே மாதம் முதல் அங்கே ‘கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம்’ நடக்கிறது. நிலையான வருமானம் உள்ளவர், அதிகபட்சம் 5 ஆண்டுகள், அரசு அதிகாரியின் மேற்பார்வையில் தவணை கட்டுவார். திவாலானவர் என்ற பெயர் அவர்மேல் விழாது. கட்டி முடித்ததும் நிறைவுச் சான்றிதழ் கைக்கு வரும். வேலைக்குப் போன தமிழர்களும் சேர்ந்து வாழும் நகரம் அது. அங்கே சாதாரண உழைப்பாளிக்குக் கிடைக்கும் சான்றிதழ் இங்கே ஏன் கிடைக்கக் கூடாது?

நிறத்தாள் துண்டுகள்

கடன் வாங்கியவருக்கே தன் கணக்கு தெரிய, மும்பையே ஒருமுறை நல்ல வழியைக் கண்டுபிடித்தது. 1980களில் பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் ‘மகிளா மிலன்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பும், ஜோக்கின் அற்புதம் 1970களில் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் அவர்களோடு கைகோத்தன. பெண்கள் அன்றாடம் சில்லறை சேமித்தார்கள். அவசரத்துக்கு அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை வைத்து, பணத்துக்கு ஈடாக நிறத்தாள் துண்டுகளை அதில் போட்டு வைத்தார்கள். தன் கணக்கைத் தானே கண்ணால் பார்த்துச் சொல்லப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய அவசியம் அங்கே இருக்கவில்லை.

கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணுக்கும் தன் கடன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என அந்தப் பெண்கள் எண்ணினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, கைப்பேசியில் எல்லாம் ஓடும் காலத்தில், அதைவிடக் குறைவாக நாம் கேட்க வேண்டியதில்லை.

கோவண்டியில் இன்னொரு குழுக் கூட்டம் கூடும். 24ஆவது தவணையை ஒருவர் எண்ணிக் கொடுப்பார். தீர்ந்தது என்று அட்டையின் கடைசிக் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் விழட்டும். பாக்கி இல்லை என்ற கடிதம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு அங்கேயே குறித்துக்கொள்ளட்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் அது ரத்தானதா என்று பார்க்கட்டும். இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்குப் போகும் மகளோ மகனோ இலவச அறிக்கையை எடுத்து வாசித்துக் காட்டட்டும். அடுத்த கடனைப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். அட்டையும் கடிதமும், பரண்மேல் இருக்கும் அந்தப் பைக்குள், போட்டோ பாஸுக்குப் பக்கத்தில் போகட்டும்.