கேலரி சொல்லும் கணக்கு

2018 ஜூன் 1. மும்பை அந்தேரி கால்பந்து மைதானத்தில் சீன தைபே அணியை 5-0 என்று துவைத்து எடுத்தது இந்தியா. கேப்டன் சுனில் சேத்ரி மட்டும் மூன்று கோல் போட்டார். பார்க்க வந்திருந்தவர்கள் 2,569 பேர். ஒன்றரைக் கோடிக்கு மேல் ஜனத்தொகை கொண்ட மாநகரத்தில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுங்கள், விமர்சனம் செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். ஜூன் 4 அன்று கென்யாவுடன் நடந்த அடுத்த ஆட்டம் அவருக்கு நூறாவது சர்வதேசப் போட்டி. டிக்கெட்டுகள் தீர்ந்துபோயின. கொட்டும் மழையிலும் கேலரி நிரம்பியது. தேசிய அணியின் கேப்டனே வாசலில் நின்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் ஆள் வரும் என்ற நிலைமை விளையாட்டு வட்டாரத்தில் பலரை உறுத்தியது.

உறுத்தக் காரணம் இருந்தது. இதே தேசத்தில் ஒரு கிளப் ஆட்டத்தைப் பார்க்க 1,31,000க்கும் அதிகமானவர்கள் திரண்ட நாள் ஒன்று உண்டு. 1997 ஜூலை 13, அன்றைய கல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியம். ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தனது 'டைமண்ட்' வியூகத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் எதிரணி வீரர்களைக் கேலி செய்தார். ஓமோலோவை 'ஆம்லெட்' என்றார். பாய்ச்சுங் பூட்டியாவுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜிக்கு வேறு உற்சாக மருந்து தேவைப்படவில்லை. பூட்டியா மூன்று கோல் போட, 4-1 என்று ஆட்டம் முடிந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மார்க்கெட்டில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பது அந்த ஊர் வழக்கு. அன்று ஏறியது எது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கூட்டம் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. 1911ல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்றதிலிருந்து வருவது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரே இழந்த ஊரின் விலாசமாக இருந்தது. அந்தப் பாசம் விபரீதத்திலும் முடிந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். நான்கு வருடம் கழித்து சால்ட் லேக் ஸ்டேடியம் திறக்கப்பட்டது.

ஆனால் கல்கத்தாவை வைத்து இந்தியாவைக் கணக்கிட முடியாது என்பதைத் தேசிய லீக் சீக்கிரமே காட்டிக் கொடுத்தது. 1996 டிசம்பரில் தொடங்கிய அந்த லீகின் முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. அணி. ஜவுளி ஆலை ஒன்றின் அணி அது. மஹிந்திரா யுனைடெட்டும் அப்படித்தான், கம்பெனி வளர்த்த அணி. வீரர்களுக்கு மாதச் சம்பளம் உறுதி. ஆனால் தொழிற்சாலை நடத்தும் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவதற்கு ஊரில் யாருக்கும் பெரிய காரணம் இல்லை. மஹிந்திரா 2010ல் கடையைக் கட்டியது. மறுவருடம் ஜே.சி.டி. அதற்குள் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, மான்செஸ்டரும் லிவர்பூலும் வரவேற்பறைக்குள் ஆடத் தொடங்கியிருந்தன. பிற்பகல் வெயிலில், புல் காய்ந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ரசிகனுக்கு ரிமோட் ஒன்று போதுமானதாக இருந்தது.

2010ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் பலனாகப் பிறந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். 2014 அக்டோபர் 12, சால்ட் லேக்கில் முதல் ஆட்டம். சுமார் 65,000 பேர். சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள், ஓய்வு வயதில் வந்திறங்கிய ஐரோப்பிய நட்சத்திரங்கள் என்று வானமே கீழே இறங்கி வந்த மாதிரி இருந்தது. அந்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரியாக 26,000 பேருக்கு மேல் வந்தார்கள். உலகில் நான்காவது இடம் என்று அமைப்பாளர்கள் பெருமைப்பட்டார்கள். எண்ணிக்கையைச் சொன்னவர்களும் அவர்கள்தான். எத்தனை டிக்கெட் காசுக்கு விற்றது, எத்தனை அன்பளிப்பு என்ற விவரம் அதில் வருவதில்லை.

2015ல் இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு சரிவு. 2017-18ல் சராசரி 15,000 அளவுக்கு இறங்கி, அதன் பின் பழைய உயரத்தைத் தொடவே இல்லை. 'மோகம் தீர்ந்தது' என்று தலைப்புப் போட வசதியான புள்ளிவிவரம்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

முதல் வருடம் நடந்தவை 61 ஆட்டங்கள், பத்து வாரத்தில் முடிந்த திருவிழா. 2017-18ல் 95. அணிகள் 13 ஆகிவிட்ட 2024-25ல் 163. தினமும் தேர் இழுத்தால் வடம் பிடிக்க ஆள் குறையத்தான் செய்யும். இன்னொன்று, மைதானங்களே சுருங்கின. 2017ல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக சால்ட் லேக்கைச் செப்பனிட மூடியபோது, 2016ல் கொல்கத்தா அணி சிறிய ரவீந்திர சரோவர் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. திரும்பி வந்தபோது, ஒரு காலத்தில் லட்சத்துக்கு மேல் கொண்ட ஸ்டேடியத்தில் 70,000க்கும் குறைவான இருக்கைகளே இருந்தன. கொச்சியிலும் பாதுகாப்பு கருதி எண்ணிக்கையை வெட்டினார்கள். அந்த உலகக் கோப்பையை மொத்தம் 13 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக, கால்பந்து பார்க்க ஆளில்லை என்ற பேச்சு எடுபடாது.

உண்மையான சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. கொச்சியைப் பாருங்கள். 2015ல் கேரளா பிளாஸ்டர்ஸின் சொந்த மைதானத்தில் சராசரி 50,000ஐத் தாண்டியது. அணி அந்த வருடம் கடைசி இடத்தில் முடித்தும் கூட்டம் குறையவில்லை. மஞ்சள் சட்டை போட்ட 'மஞ்ஞப்படை' ரசிகர் கூட்டம் வெளியூர் ஆட்டங்களுக்கும் படையெடுத்தது. அதே ரசிகர்கள்தான் 2018-19ல் நிர்வாகத்தின் மீதிருந்த கோபத்தில் ஒதுங்கி நின்றார்கள். கொச்சி கேலரியில் கூட்டம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. தோல்வியை மன்னித்தவர்கள் அலட்சியத்தை மன்னிக்கவில்லை.

சில ஊர்களில் கோபித்துக்கொள்ளக்கூட ரசிகனுக்கு அவகாசம் தரப்படவில்லை. டெல்லி டைனமோஸ் 2019ல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே வருடம் புனே அணியின் இடத்தில் ஹைதராபாத் அணி முளைத்தது. அந்த ஹைதராபாத் 2022ல் கோப்பையும் வென்றது. 2025ல் மூட்டை கட்டி டெல்லிக்குப் போய்விட்டது. மாற்றல் உத்தரவு வந்த அரசு ஊழியர் போல அணிகள் ஊர் ஊராகப் போனால், யார் நம்பிக் கொடி தைப்பார்கள்? தமிழ்நாட்டிலும் இதன் சிறு பதிப்பு நடந்தது. சென்னை சிட்டி அணி கோவையைச் சொந்த மைதானமாக்கி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. கோவைக்காரர்கள் அந்த அணியைத் தங்களுடையது என்று நினைத்துப் பழகுவதற்குள் அது காணாமல் போனது.

பழைய கிளப்புகளையும் இந்தப் புது வியாபாரம் சும்மா விடவில்லை. 2020ல் மோகன் பகான், ஏ.டி.கே. அணியோடு இணைக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்தைச் சுமந்தது. அந்த வருடம் நவம்பர் 27 அன்று சூப்பர் லீகில் முதன்முறையாக ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் சந்தித்தன. நூறாண்டுப் பகை கொண்ட அந்த ஆட்டம் கொரோனா காரணமாக கோவாவில், ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில் நடந்தது. மரப்பாச்சிக் கல்யாணம் என்று வயதான ரசிகர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. கதவுகள் திறந்த பிறகு மோகன் பகான் ரசிகர்கள் அந்த மூன்றெழுத்தை எடு என்று பதாகை பிடித்தார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற அதே இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா இறங்கி வந்து, பெயரை நீக்குவதாக அறிவித்தார். அடுத்த சீசனில், 2024 ஏப்ரலிலும் மே மாதத்திலும், சால்ட் லேக்கில் 60,000க்கு மேல் கூட்டம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவைவிட காலி நாற்காலிக்கு வலிமை அதிகம் என்பதை கொச்சியும் கொல்கத்தாவும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தன.

அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 ஆகஸ்ட் 18 அன்று டியூராண்ட் கோப்பையில் இரு அணிகளும் மோத வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கொடூரமாகக் கொல்லப்பட்டதால் நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. ஆனாலும் ரசிகர்கள் வந்தார்கள். பூட்டிய ஸ்டேடியத்துக்கு வெளியே சிவப்பு-மஞ்சள் கொடியும் பச்சை-அரக்குக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். நியாயம் கேட்டுக் கோஷம் எழுந்தது, போலீஸ் தடியடி நடத்தியது. எந்த வருகைப் பதிவிலும் ஏறாத கூட்டம் அது.

சேத்ரி 2024 ஜூன் 6 அன்று அதே சால்ட் லேக்கில் குவைத்துக்கு எதிராக விடைபெற்றபோது 58,921 பேர் வந்திருந்தார்கள். கோல் எதுவும் விழவில்லை. பிறகு ஓய்வை முறித்துக்கொண்டு அவர் 2025ல் திரும்பி வந்தது வேறு கதை.

லீகின் கதைதான் இப்போது கவலை தருவது. 15 வருட ஒப்பந்தம் முடியும் தறுவாயில், புதுப்பிப்பது பற்றித் தெளிவில்லாமல், 2025 ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. மாதக்கணக்கில் வீரர்களும் பயிற்சியாளர்களும் கையைப் பிசைந்தார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14 அன்று 14 அணிகளுடன் லீக் தொடங்கும் என்று அறிவித்தார். மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது எந்த இரு அணிகளும் ஒரு முறைதான் மோதும். லீகில் வழக்கமாக இரண்டு டெர்பி பார்க்கும் கொல்கத்தாவுக்கு இம்முறை ஒன்றுதான்.