படகிலே உமிப்பெட்டிச் சமையல்

கடலில் நாட்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகுகளில் சோறு பொங்குவது எளிய காரியமன்று. படகு அலையில் சாய்ந்தாடும்; கொதிக்கும் உலை தளும்பும்; அருகிலேயே டீசலும் வலைகளும் இருக்கும். உலைநீர் உடலில் கொட்டிவிட்டால் மருத்துவரை அடையப் பல மணி நேரம் ஆகும். ஆகவே, படகில் அடுப்பு எரியும் நேரத்தைக் குறைப்பது எரிபொருட் சிக்கனம் மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும்.

இதற்கான வழி புதியதன்று. 1867-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த கண்காட்சியிலேயே, நார்வே நாட்டவர் ஒருவர் தானாகச் சமைக்கும் பெட்டியொன்றைக் காட்சிக்கு வைத்தார். கொதித்த பாத்திரத்தை, வெப்பம் வெளியேறாதபடி பொதிந்து வைத்தால், உள்ளிருக்கும் சூட்டாலேயே உணவு வெந்துவிடும் என்பதே அதன் தத்துவம்.

ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். அதனை முழுவதும் ஆவியாக்கவோ மேலும் 540 கிலோகலோரி வேண்டும். கொதித்த பின்னர் நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் நீரின் சூடு ஏறுவதில்லை; கூட்டிய வெப்பம் ஆவியாகப் போய்விடுகிறது. அரிசி வேகவோ ஓயாத கொதிப்புத் தேவையில்லை. 80 டிகிரிக்கு மேற்பட்ட சூடு நீடித்தாலே போதும்.

மீனவர்கள் இதனை முன்பே அறிவர். மீன் வைக்கும் பனிக்கட்டிப் பெட்டி வெளிச்சூட்டை உள்ளே விடுவதில்லை. அதே அமைப்பு, உட்சூட்டை வெளியே விடாமலும் காக்கும்.

மரப்பெட்டியொன்றின் உட்புறத்தில் பாலித்தீன் தாளை விரித்து, அடியிலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடைக் கனத்திற்கு உலர்ந்த உமியை அழுத்தி நிரப்புக. நடுவில் பாத்திரம் இறுக அமரும் குழி இருக்கட்டும். அதன்மேல் சாக்குத் துணியை விரிக்கவும். மேலே மூட உமி அடைத்த தலையணை ஒன்று வேண்டும். உமி நனைந்தால் பயன் தராது. தெர்மோகோல் பெட்டியானால், பாத்திரம் அதில் நேரே படாதபடி சாக்கைச் சுற்றவும். அடுப்பருகே வைக்கவே கூடாது.

அரை மணி நேரம் ஊறிய புழுங்கலரிசியை, மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க விடவும். அடுப்பை அணைத்து, மூடி கழலாதபடி கட்டி, உடனே பெட்டியில் வைத்து மூடுக. ஒன்றரை மணி நேரம் திறக்கலாகாது. நீர் ஆவியாகாமையால், வழக்கத்தினும் குறைவாகவே ஊற்றலாம். கடலில் நன்னீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் முக்கால் பங்கேனும் நிறைந்திருக்க வேண்டும். சிறிதளவு உணவு விரைவில் ஆறிவிடும்.

ஓர் எச்சரிக்கை: சோற்றைப் பெட்டியிலேயே இரவு முழுதும் விட்டுவைக்கலாகாது. 60 டிகிரிக்குக் கீழே இளஞ்சூட்டில் நெடுநேரம் இருக்கும் உணவில் நோய்க்கிருமிகள் பெருகும். வெந்தவுடன் சூடாகவே உண்க.

எங்கள் ஒன்றியத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இதனைச் செய்து காட்டியபோது, முதிய அம்மையார் ஒருவர், "அடுப்பிலிருந்து இறக்கிய அரிசி எப்படி ஐயா வேகும்?" என்றார். பின்னர்ப் பெட்டியைத் திறந்து, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, மகனுக்கு முதலில் பரிமாறியவரும் அவரே.

மகளிர் சுய உதவிக் குழுவினர் இப்பெட்டிகளைச் செய்து தரலாம். முதலில் வீட்டில் பழகிப் பார்த்து, பின்னர்ப் படகில் ஏற்றுக.