ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரலை

புதுச்சேரியில் பழைய கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: “ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரலை.” இந்த நிலையில் இருக்கும் பெட்டியைச் செத்துவிட்டதாக நினைத்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அதில் பல பெட்டிகள் ஒரு ரப்பர் துண்டாலோ ஒரு சின்ன பேட்டரியாலோ எழுந்து உட்காரக்கூடியவை.

விடியற்காலையில் திறக்கும் ஒரு மெஸ்ஸின் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேஸ் வர வேண்டும். பிறகு மாஸ்டர் வர வேண்டும். அவர் சாமான்களைப் பரப்பி வேலை செய்ய மேடை வேண்டும். அப்புறம்தான் ஸ்டோர் ரூமிலிருந்து அரிசியும் மாவும் வெளியே வரும். ஒரு இடத்தில் தடங்கினால் அதற்கு அடுத்தது எதுவும் நடக்காது. கம்ப்யூட்டரும் இதே வரிசையில்தான் எழுகிறது. ஆகவே “என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்பதற்கு முன்னால் “எந்த இடத்தில் நின்றது?” என்று கேட்க வேண்டும்.

கேஸ் என்பது எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. இவை மூன்றும் சரியான அளவில் நிலைத்த பிறகு, ‘எல்லாம் தயார்’ என்ற சைகையைத் தனியாக ஒரு சாம்பல் நிற ஒயர் வழியாக மதர்போர்டுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தி அரை விநாடிக்குள் இது நடந்துவிடும். அந்தச் சைகை வராதவரை ப்ராசஸர் கண் திறக்காது. ஃபேனுக்கு 12 வோல்ட் மட்டும் போதும். 5 வோல்ட் தளர்ந்திருந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அடுப்பு எரிகிறது, ஆனால் பானையைக் கொதிக்கவைக்கும் அளவுக்குத் தீ இல்லை. வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே சுமார் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே இறங்காது.

காலையில் டிஸ்ப்ளே வராமல், பட்டனை நாலைந்து தடவை அழுத்திய பிறகு வருகிறதா? மதர்போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெபாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ காரணம் அதுதான். 2000-களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் இது உலகம் முழுக்க நடந்தது. தரமில்லாத ரசாயனக் கரைசலை உள்ளே ஊற்றி விற்றுவிட்டார்கள். பற்றவைக்கத் தெரிந்தவர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் தருவார்.

மாஸ்டர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ப்ராசஸருக்குத் தானாக எதுவும் தெரியாது. போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிப்பில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது போல, முதலில் ராம் இருக்கிறதா, டிஸ்ப்ளே கார்டு இருக்கிறதா என்று பார்க்கும். திரை வருவதற்கு முன்பே குறை தெரிந்தால் சொல்வதற்கு அதனிடம் சத்தம் மட்டுமே உண்டு. ஒரே ஒரு குட்டி பீப் என்றால் பெரும்பாலும் எல்லாம் சரி. நீளமான பீப் விடாமல் வந்தால் பல போர்டுகளில் ராம். ஒரு நீளம், இரண்டு மூன்று குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும்.

இந்த ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது ராமைத்தான். அதுதான் மேடை. மேடை இல்லாவிட்டால் ஸ்டோர் நிறைய சாமான் இருந்தும் சமையல் நடக்காது. ராமின் விளிம்பில் வரிசையாகத் தெரியும் பற்களுக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள், அதுவும் மிக மெல்லியதாக. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்கள் எல்லாவற்றிலும் காற்றோடு உப்பும் வீட்டுக்குள் வருகிறது. கேபினெட்டின் ஃபேன் அதையும் தூசியையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிந்துபோவதும் அதனால்தான். அந்த ஈரம் முலாமின் நுண்துளை வழியாக அடியில் இருக்கும் உலோகத்தை அரித்து, மேலே ஒரு படலத்தைப் படரவிடுகிறது. மின்சாரம் அந்த இடத்தில் தடுமாறுகிறது.

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் இருப்பதும் இறங்கிவிடும். கேபினெட்டின் தகரத்தை ஒரு முறை தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, முலாமே போய்விடும். ஸ்லாட்டையும் சுத்தமான, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் ‘க்ளிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எத்தனையோ பெட்டிகள் இதிலேயே பிழைத்துக்கொள்கின்றன.

தண்ணீரில் நனைந்த பெட்டியின் கதை வேறு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்கே 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி நனைந்ததை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று போட்டுவிடக் கூடாது. முதலில் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை எடுங்கள்; ஈரத்தில் அதன் 3 வோல்ட்டே அரிப்பை வேகப்படுத்தும்.

அந்த சிஆர்2032 பேட்டரி நனையாத பெட்டியிலும் சில ஆண்டுகளில் தீரும். தேதி பழைய வருஷத்துக்குப் போய், ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொன்னால் அதை மாற்றுங்கள். மாற்றிய பிறகு விண்டோஸ் நீலத் திரையோடு நின்றால் பயப்பட வேண்டாம். பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்திருக்கும். அதற்குள் போய், சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ என்றிருப்பதை ஏஹெச்சிஐ என்றோ, ஏஹெச்சிஐ என்றிருப்பதை ஐடிஇ என்றோ மாற்றிப் பாருங்கள்.

கடைசியில் ஸ்டோர் ரூம், அதாவது ஹார்ட் டிஸ்க். ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று திரையில் வந்தால், மறந்து செருகிவைத்த பென்டிரைவ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ‘டக்... டக்...’ என்று சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதில் கொஞ்சம் போகலாம். டிஸ்க்கைத் தனியாக எடுத்து, தெரிந்தவரிடம் கொடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் நகலெடுக்கச் சொல்லுங்கள்.

டைப்பிங் கடை, அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அடித்துவைத்த பத்திரங்களும் பத்திரிகைகளும் பாமினி, வானவில் மாதிரியான யுனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் இருக்கும். ஃபைல்களை மட்டும் எடுத்துவந்து புது கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலைந்து கிடக்கும். நகலெடுக்கச் சொல்லும்போதே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள்.