வாய்தா தேதிக்குப் பின்னால் இருக்கும் வேலை

விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் இருந்துகொண்டு அங்கே சொத்து வழக்கு நடத்துகிறவர் அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் வக்கீல் குமாஸ்தாவைத்தான் நம்பியிருந்தார். அவர் அகப்படாவிட்டால் பஸ் ஏற வேண்டும். இன்று நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் சி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் தேதி வந்துவிடுகிறது.

அந்த எண்ணைச் சற்று உற்றுப் பார்க்கலாம். மொத்தம் 16 இடங்கள். முதல் இரண்டு எழுத்து மாநிலத்தையும் அடுத்த இரண்டு மாவட்டத்தையும் அதற்கடுத்த இரண்டு நீதிமன்றத்தையும் குறிக்கும். பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கில் ஆண்டு. ஆதார் இதற்கு நேர் எதிர். அதன் 12 இலக்கங்களில் ஊரும் இல்லை, பிறந்த ஆண்டும் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் எண்ணைத் தவறாகத் தட்டியதைக் காட்டிக்கொடுப்பதற்காக வைத்தது. ஏன் இப்படி? ஒரு வழக்கு எந்த ஆண்டில், எந்த நீதிமன்றத்தில் தாக்கலானது என்பது என்றைக்கும் மாறாத உண்மை. மனிதர் அப்படியில்லை, இடம் பெயர்வார். அவருடைய எண்ணை வைத்தே அவர் எந்த ஊர்க்காரர் என்று யாரும் ஊகிக்கவும் கூடாது.

இந்த மாதிரி முடிவுகளை எடுப்பதுதான் டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட்டின் வேலை. புரோகிராம் எழுதுவது அதற்குப் பிறகு வருகிறது. நீதிமன்ற மென்பொருளிலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது. நாடு முழுக்க ஒரே நடைமுறை என்று திணித்தால் உயர் நீதிமன்றங்களின் தனி விதிகள் இடிக்கும். ஆளுக்கொரு மென்பொருள் என்று விட்டால் தேசிய அளவில் கணக்கே எடுக்க முடியாது. அதனால் நடுப்பகுதியை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, சுற்றுப்பகுதியை அந்தந்த உயர் நீதிமன்றம் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ள இடம் விட்டார்கள். தேசியத் தகவலியல் மையத்தின் புனே பிரிவு செய்த வேலை இது.

அரசுக்காக வடிவமைப்பதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தனியார் கம்பெனிக்குத் தன் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அரசுக்கு அது கிடையாது. கைபேசி இல்லாதவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர், இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பட்டா வைத்திருப்பவர் எல்லாருமே அதன் பயனாளிகள். போதாக்குறைக்கு அரசின் எல்லைகளும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. விருதுநகர் மாவட்டமே 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்திலிருந்து வத்திராயிருப்பு தனி வட்டமானது. ராஜபாளையத்துக்குத் தெற்கே 2019-இல் தென்காசி புது மாவட்டமானது. மாவட்டத்தின் பெயரையே அடையாளமாக வைத்து ஒரு டேட்டாபேஸ் கட்டியிருந்தால் ஒவ்வொரு பிரிவினையிலும் அது உடையும்.

பட்டா மாறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம் பதிவுத்துறையின் 'ஸ்டார்' மென்பொருளில் பதிவாகிறது, அதன் 2.0 பதிப்பு 2018-இல் வந்தது. பட்டா வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருளில் இருக்கிறது. இரண்டையும் இணைத்ததால், உட்பிரிவு தேவைப்படாத நிலத்துக்குப் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே பெயர் மாற வழி பிறந்தது. உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளந்தே தீர வேண்டும். எந்த இடத்தில் மனிதக் கண் அவசியம், எந்த இடத்தில் அது வெறும் தாமதம் என்று பிரித்தறிவதே இதில் கடினமான பகுதி. அதற்குத் தாலுகா ஆபீஸ் நடைமுறையும் தெரிய வேண்டும், மென்பொருளும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

இந்த வேலைக்குப் போவது எப்படி? நிரந்தர அரசுப் பணியில் 'டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரில் பதவியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1976-இல் தொடங்கிய தேசியத் தகவலியல் மையத்தில் இதைச் செய்கிறவர்களின் பதவிப் பெயர் 'விஞ்ஞானி'. தொடக்க நிலையான விஞ்ஞானி-பி பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதற்குக் கீழே அறிவியல், தொழில்நுட்ப உதவியாளர்-ஏ பதவிக்கு 35,400 ரூபாய். 2023-இல் மொத்தம் 598 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். பி.இ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30.

விஞ்ஞானிப் பதவியில் ஒரு சிறப்பு உண்டு. மேலே காலியிடம் வந்தால்தான் பதவி உயர்வு என்ற கட்டாயம் இல்லை. பி-யிலிருந்து சி-க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பிறகு நான்கு, நான்கு, ஐந்து என்று காலம் முடிந்ததும் செய்த வேலையை மதிப்பிட்டு உயர்த்துகிறார்கள். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி சிஸ்டம் இன்ஜினியர், உதவி சிஸ்டம் அனலிஸ்ட் பதவிகள் இருக்கின்றன.

மூன்றாவது வழி ஒப்பந்தப் பணி. 'சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்' என்று பெயர் சொல்லியே வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பல ஆண்டு அனுபவம் கேட்பார்கள், சம்பளமும் கூடுதல். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் ஆள் போய்விடுவார். ஏன் அப்படி வடிவமைத்தோம் என்ற காரணமும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவர் பழைய குழிகளிலேயே விழுவார். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய நில ஆவணத்தைச் சில ஆண்டு ஒப்பந்தக்காரர்களின் நினைவை நம்பி விடுவது தவறு. தமிழக அரசு இதற்கென்று நிரந்தரப் பணியிடங்களை, தனிப் பதவி உயர்வு ஏணியோடு, உருவாக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் இன்ஜினியருக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரி 1984-இல் தொடங்கியது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் வந்தது. படித்து முடித்த கையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. பெரிய அளவில் சர்வர்களைக் கையாளும் பழக்கம் அங்கேதான் வரும். ஐந்தாறு ஆண்டு கழித்து அந்த அனுபவத்தோடு அரசுப் பக்கம் திரும்புகிறவர்களும் வேண்டும். ஆனால் வயது வரம்பு அவர்களுக்குக் குறுக்கே நிற்கும், அதை முன்பே கணக்கில் வைக்க வேண்டும்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு யோசனை. புராஜெக்ட்டைக் கடையில் வாங்காமல், ஏதாவது ஓர் இ-சேவை மையத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெயரில்தான் அதிகம் நிற்கும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா, பி.எஸ். குமாரசாமி ராஜா போன்றவர்கள் வாழ்ந்த ராஜபாளையத்தில் இரண்டு மூன்று இனிஷியல் சாதாரணம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டே பெட்டி வைத்த படிவத்தில் அதை எங்கே நிரப்புவது? ஆதாரில் இனிஷியல் பின்னால், பட்டாவில் முன்னால், மதிப்பெண் சான்றிதழில் புள்ளி இல்லாமல் என்றிருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று மென்பொருளுக்கு எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு விடை எழுதிப் பாருங்கள். நேர்காணலில் பேச வேண்டிய விஷயம் அதுதான்.